கோவில் வந்தது, செடி வரவில்லை

வீடியோ கேம்களுக்குள் இந்தியா பெரும்பாலும் ஒரு பாழடைந்த கோவிலின் வழியாகத்தான் நுழைந்திருக்கிறது. 1998இல் வந்த 'டூம்ப் ரைடர் 3' ஆட்டம் இந்தியக் காட்டில்தான் தொடங்கும். குரங்கு வரும், புலி பாயும், அப்புறம் இடிந்த கோவில். உள்ளே பல கைகளில் வாளேந்திய சிலைகள் உயிர்பெற்று அடிக்க வரும். அது எந்த ஊர்க் காடு என்று கேட்டால் பதில் கிடையாது.

2017இல் வெளியான 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' கொஞ்சம் படித்துவிட்டு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை, ஹொய்சாளர், ஹளபேடு, பேலூர் என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. ஆனால் நிஜமான ஹளபேடு இருப்பது ஹாசன் மாவட்டத்துச் சமவெளியில், ஓர் ஏரிக்கரையில். அங்குள்ள மாவுக்கல் சிற்பத்தின் அழகே, கிட்டே போய்க் குனிந்து பார்க்க வைக்கும் நுணுக்கம்தான். ஆட்டத்தில் அதை மலையுயரச் சிலைகளாக்கி அருவிகளுக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். தொங்கவும் தாவவும் உயரம் தேவை. அதில் எனக்குப் புகார் இல்லை.

நம் பக்கத்துக் கணக்கும் கல்லிலேயே நிற்கிறது. 'சிவிலைசேஷன் 6' ஆட்டத்துக்கு 2019இல் வந்த 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கத்தில் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலைக் கட்டலாம். கட்டினால் இரண்டு குருமார்கள் இலவசம்! 2022இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடக் கொடுத்தது. 2025இல் வந்த 'சிவிலைசேஷன் 7' சோழர்களையும் தஞ்சைப் பெரிய கோவிலையும் சேர்த்துக்கொண்டது. கனடாவில் உருவான 'வெண்பா' (2023) மட்டும் வேறு திசையில் போய், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் அடுப்படியைக் களமாக்கியது. மற்றவற்றில் கோபுரத்தை மறைத்துவிட்டு மரங்களை மட்டும் காட்டினால், இது மதுரை, இது தஞ்சை என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. கோபுரத்தை ஓவியர் பார்த்துப் பார்த்து உருவாக்குகிறார். மரமோ ஆயிரக்கணக்கில் தேவை. அதனால் 'ஸ்பீட்ட்ரீ' போன்ற மென்பொருளில் செய்த மரங்களை விதைபோல் தூவிவிடுகிறார்கள். 2006இல் வந்த 'ஆப்ளிவியன்' ஆட்டத்தின் காடுகள் அப்படி எழுந்தவைதான். தயார் நிலையில் எந்த மரம் கிடைக்கிறதோ, அதுவே அந்த நாட்டின் மரமாகிவிடுகிறது.

செடியை உற்றுப் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. போக்கிமானில் தலையில் பெரிய பூவோடு அலையும் 'வைல்ப்ளூம்' சுமத்ராக் காட்டின் ரஃப்ளீசியாவிலிருந்து பிறந்தது. ஜப்பானில் அதன் பெயரே அதுதான். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) கதையை, எறும்பின் உடலுக்குள் வளர்ந்து அதை ஆட்டிவைக்கும் காளான் ஒன்று நடத்துகிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. சேனைக்கிழங்கு பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? இலை ஒன்றுமில்லாத வெறும் தரையிலிருந்து, மூளைபோல் மடிப்பு மடிப்பான கரும்பழுப்புக் கொண்டை ஒன்று கிளம்பும். சுற்றிலும் பாவாடை விரித்தாற்போல் ஒற்றை மடல். விரிந்ததும் அழுகிய இறைச்சி நாற்றம். மகரந்தம் சுமக்கும் வண்டுகளை வரவழைக்கும் தந்திரம் அது. இதை ஆட்டத்தில் வைத்தால் கற்பனை என்றுதான் நினைப்பார்கள்.

நிலத்தை விவரமாக எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆசியாவிலேயே சாட்சி உண்டு. 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' (2020) ஆட்டத்தில் வழிகாட்டுவதே காற்றில் சாயும் புல்தான். அதன் இயக்குநர்கள் இருவரை 2021இல் சுஷிமா தீவு தன் சுற்றுலாத் தூதர்களாக்கியது. 2024இல் வந்த சீனாவின் 'பிளாக் மித்: வூகாங்' பதிவுசெய்த 36 இடங்களில் 27 ஷான்சி மாகாணத்துக் கோவில்களும் தொல்லிடங்களும். ஆட்டம் வந்ததும் கூட்டம் அங்கே திரண்டது.

நமக்கு நிலத்தை மரம், பறவை, உணவு, பறை, தொழில், பொழுது என்று பிரித்துவைத்த திணை மரபு உண்டு. களம் வடிவமைப்பவர் முதல் நாள் எழுதும் பட்டியல் அதுவேதான். உடனே "அன்றே சொன்னான் தமிழன்" என்று கிளம்பிவிட வேண்டாம். பட்டியல் இருந்து என்ன, அதை வைத்துச் செய்த ஒரு களம்கூட என் கண்ணில் படவில்லையே.

திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு மூலையில் பொதட்டூர்பேட்டை: தறிச்சத்தம் கேட்கும் தெருக்கள், சுற்றிலும் பாறைக்குன்றுகள், அந்தப் பக்கம் ஆந்திர எல்லை. அந்த ஊர் இருக்கும் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஓடும் கொசஸ்தலை ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனால் பூண்டி நீர்த்தேக்கம். பக்கத்தில் அதிரம்பாக்கம், 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ட இடம், அங்குள்ள மிகப் பழைய கற்கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் ஆய்வு சொன்னது. ஆற்றின் கடைசியில் எண்ணூர்க் கழிமுகம்: அலையாத்திச் செடியும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் ஒரே சட்டகத்தில். வடக்கே பழவேற்காட்டில் உவர்நிலத்து உமரி, குளிர்காலத்தில் பூநாரைகள், டச்சுக்காரர் கல்லறைகள். ஆதிமனிதன் முதல் அனல்மின் நிலையம் வரை ஓர் ஆற்றங்கரையிலேயே ஆடி முடித்துவிடலாம்.

இந்த மாவட்டத்தில் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்னொரு கோபுரம் செய்ய வேண்டாம், ஒரு பனையிலிருந்து தொடங்குங்கள். மேகமூட்டமான நாளில், நிழல் விழாத நேரத்தில், கைப்பேசியோடு மரத்தைச் சுற்றி வந்து, ஒன்றின்மேல் ஒன்று பாதியாவது படியும்படி படங்கள் எடுத்து, அவற்றை முப்பரிமாண உருவமாக்கும் மென்பொருளில் கொடுத்தால் அடிமரத்தின் வளைய வடுக்கள்வரை கணினியில் எழுந்துவிடும். ஓலை காற்றில் ஆடும் என்பதால் அது மட்டும் படத்தில் குழம்பும். அதைக் கையால்தான் செய்ய வேண்டும்.