கடல்பச்சையும் காவிமஞ்சளும்

புத்தளத்தில் களப்பை நோக்கிய வீடுகளுக்குள் வெயில் இரண்டு வழியாக வரும்: நேராக ஒன்று, தண்ணீரில் பட்டுத் தெறித்து மற்றொன்று. சுவரின் நிறம் அங்கே சும்மா இருப்பதில்லை. நடுப்பகலில் இளம் கடல்பச்சை பூசிய அறைக்குள் நுழைந்தால் சுருங்கிய கண்கள் மெல்ல விரியும். காற்றாடி அதே வேகத்தில்தான் சுற்றும், ஆனாலும் ஏதோ குளிர்ச்சி. அடுத்த அறையின் காவிமஞ்சளோ அந்த நேரத்தில் கண்ணைக் கொஞ்சம் உறுத்தும். ஐந்து மணி தாண்டட்டும். மேற்கிலிருந்து செவ்வெயில் சாய்ந்ததும் பச்சை சாம்பலேறி மங்க, மஞ்சள் சுட்ட அப்பத்தின் ஓரம்போல் பொன்னிறமாகும்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது பெயின்ட் பாஸின் பொறுமை. உப்புக்காற்றில் பொரிந்த பழைய பூச்சைச் சுரண்டும் கரகரப்பு, பிறகு சுவர் நன்றாக உலரும்வரை கைகட்டிக் காத்திருப்பு. அவசரக்காரரின் வேலை அடுத்த மாரியிலேயே கொப்பளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல கை இழுத்த சுவரைத் தடவிப் பாருங்கள், தூரிகை நின்ற இடம் விரலுக்குத் தட்டுப்படாது. மாலை அழகுக்கு என் மனம் மஞ்சள் பக்கம்தான். ஆனால் காசு ஒரே நிறத்துக்குத்தான் என்றால் பச்சையே பூசுங்கள். இந்த ஊரில் வெக்கைப் பொழுதுதான் அதிகம்.