பகுதியில் இல்லாத பெண்கள்

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1951-ல் தொடங்கிய 'எபிடெமிக் இன்டெலிஜென்ஸ் சர்வீஸ்' என்ற பிரிவுக்கு ஒரு சின்னம் உண்டு. உலக உருண்டைமேல் ஒரு ஷூவின் அடிப்பாகம், அதில் தேய்ந்துபோன ஓர் ஓட்டை. நாற்காலியில் உட்கார்ந்தபடி நோயைப் படிக்க முடியாது, தெருத்தெருவாக நடந்து கால் தேய வேண்டும் என்று அர்த்தம். களப் பயிற்சி வகுப்பில் முதல் நாளே இந்தப் படத்தைத் திரையில் காட்டினார்கள். எனக்குப் பிடித்த சின்னம்தான். ஆனால் அதைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது, மரக்காணத்தில் உப்புத்தண்ணீருக்குள் வெறுங்காலோடு நின்று கூடை நிரப்பும் பெண்களின் பாதம். தேய்வதற்கு அங்கே ஷூ இல்லை.

அந்த அமெரிக்க மாதிரி 1980-ல் தாய்லாந்துக்குப் போனது. 2001-ல் சென்னையில் உள்ள நிறுவனம் இரண்டு வருடப் படிப்பாக அதைத் தொடங்கியது. இப்போது களப்பணியாளர்களுக்காக மூன்று மாதப் பயிற்சியாகவும் சுருங்கி வந்திருக்கிறது. சில நாட்கள் வகுப்பு, மற்ற நாட்கள் அவரவர் வேலை பார்க்கும் இடத்திலேயே பயிற்சி. கண்காணிப்புத் தகவலைச் சரிபார்க்க வேண்டும், ஒரு நோய்ப்பரவலை விசாரிக்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடற்கரையில் பெண்களின் உடல்நலம் சார்ந்து வேலை செய்கிற நான், அப்படியொரு குறுகிய காலப் படிப்பை முடித்தவள். நல்ல படிப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நிறைய பேருக்கு இருக்கு" என்று யாராவது சொன்னால் "எத்தனை பேரில்?" என்று திருப்பிக் கேட்க அதுதான் பழக்கியது. என் விமர்சனமும் அந்தக் கேள்வியிலிருந்தே வருகிறது.

முதலில் பெயர். எபிடெமியாலஜி என்ற சொல்லின் கிரேக்க வேரில் 'மக்கள்மேல் வருவதைப் பற்றிய அறிவு' என்ற பொருள்தான் இருக்கிறது. கிருமி இல்லை, தொற்று இல்லை. தமிழில் நாம் அதைத் தொற்றுநோயியல் என்றும் கொள்ளைநோயியல் என்றும் ஆக்கிக்கொண்டோம். கொள்ளை என்றால் ஊரே சாய வேண்டும். ஒருத்தியின் சிறுநீர் எரிச்சல் பத்து வருடம் தொடர்ந்தாலும் அதைக் கொள்ளை என்று யாரும் சொல்வதில்லை. மொழிபெயர்ப்புதானே என்று விட்டுவிட முடியவில்லை. படிப்பின் உள்ளடக்கமும் அந்தப் பெயரைப் போலத்தான் இருந்தது. பாடமாகக் கொடுத்த உதாரணங்கள் வயிற்றுப்போக்கு, அம்மை, டெங்கு, கல்யாண விருந்தில் கெட்டுப்போன சாப்பாடு.

ஒரு பரவல் வெடித்தால் அரசு எவ்வளவு வேகமாக எண்ணும் என்பதை இந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் குடித்தது, எப்போது குடித்தது, எங்கே வாங்கியது என்று எல்லாம் உடனுக்குடன் தேடப்பட்டன. அப்படித்தான் தேட வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. கால வரைபடத்தில் செங்குத்தாக ஏறி இறங்குகிற கோடு எல்லோர் கண்ணிலும் படும். வருடக்கணக்கில் தரையோடு தரையாகக் கிடக்கிற கோட்டுக்குத்தான் ஆள் வருவதில்லை.

2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள். ஆய்வுக்கூடம் நிரப்புவது 'எல்', மருத்துவர் நிரப்புவது 'பி', கிராம சுகாதார செவிலியர் நிரப்புவது 'எஸ்'. வீடு வீடாக நடக்கிற அந்தச் செவிலியர் பெண். அவர் கையில் உள்ள படிவத்தில் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, திடீர் வாதம் போன்றவற்றுக்கு இடம் உண்டு. "ஒண்ணுக்குப் போனா எரியுதும்மா" என்று அதே வாசலில் நின்று ஒரு பெண் சொன்னால், செவிலியரின் காது கேட்டுக்கொள்ளும். படிவம் கேட்காது.

எனது களப் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்ள விரும்பியது அதைத்தான்: உப்பளப் பெண்களின் சிறுநீர்த் தொல்லை. "இது பரவல் இல்லையே, மூன்று மாதத்தில் முடிகிற மாதிரி டெங்கு எடுங்கள்" என்றார் வழிகாட்டி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. படிப்பின் நாள்காட்டியே அப்படி அமைந்திருக்கிறது. மூன்று மாதத்தில் முடியாத நோய் மூன்று மாதப் படிப்புக்குள் வராது. டெங்குவே செய்தேன்.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தொகுதி எனக்குத் தெரியும், அவர்கள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். பகுதியில் யாரை வைப்பது? மரக்காணத்தில் உப்பு விளைவது ஏறக்குறைய ஜனவரி முதல் மழை தொடங்கும் வரை. விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்போரம் கூட்டுவார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். தினக்கூலி. இன்று இந்த அளம், நாளை வேறு அளம். பல பெண்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5000 ரூபாய் தருகிறது. நல்ல உதவி. ஆனால் அந்தக் கணக்கின் அலகு குடும்பம். குடும்பம் என்று எண்ணியதும் அதற்குள் தனியாக உழைத்து, தனியாக நோய்ப்படுகிற பெண் கரைந்துவிடுகிறாள்.

சரி, ஒரு நாள் காலையில் அளத்துக்கே போய் அங்கிருக்கும் பெண்களை எண்ணலாமே என்று தோன்றும். இங்கேதான் படிப்பு எனக்குக் கொடுத்த மிக உபயோகமான பாடம் வருகிறது, அதுவும் வகுப்பில் ஒரே ஒரு ஸ்லைடில் கடந்துபோனது. வில்லியம் ஓகிள் 1885-ல் இங்கிலாந்தின் தொழில்வாரி இறப்புக் கணக்கைப் பார்த்தபோது, மிகக் கடினமான சில வேலைகளில் இருப்பவர்கள் ஆரோக்கியமாகத் தெரிவதைக் கவனித்தார். காரணம் எளிது: முடியாதவர்கள் ஏற்கெனவே அந்த வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அளத்தில் நிற்பவளை மட்டும் எண்ணினால், நிற்க முடிந்தவளைத்தான் எண்ணுவோம். கர்ப்பப்பை இறங்கி வீட்டில் உட்கார்ந்தவள், இடுப்பு போய் ஆடு மேய்க்கப் போனவள், இவர்கள் யாரும் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. "உப்பளப் பெண்கள் திடகாத்திரமானவர்கள்" என்று சொல்கிற பேச்சுக்குப் பின்னால் இந்தக் கணக்குப் பிழை இருக்கிறது. உழைக்கும் பெண்ணைப் புகழ்வதுபோல் அவள் நோயை மறைக்கிற பேச்சு அது.

அடுத்து, அவள் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி. பாடப்புத்தகத்தில் இதற்கு நினைவுப் பிழை என்று ஒரு தலைப்பு உண்டு. நோய் வந்தவர்கள் பழையதைத் துருவித் துருவி நினைவுகூர்வார்கள், வராதவர்கள் மறந்துவிடுவார்கள், ஆகவே கணக்கு சாயும் என்பது எச்சரிக்கை. தேவையான எச்சரிக்கைதான். ஆலிஸ் ஸ்டீவர்ட்டின் கதையையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். 1950-களில் இங்கிலாந்தில் புற்றுநோயால் குழந்தையை இழந்த தாய்மார்களிடம் கர்ப்பகாலத்தில் என்னென்ன நடந்தது என்று கேட்க ஆள் அனுப்பினார் அவர். எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. 1956-ல் முதல் அறிவிப்பு, 1958-ல் விரிவான கட்டுரை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதையாவது காரணமாகச் சொல்லத்தானே செய்வாள் என்று சந்தேகம் கிளம்பியது. 1962-ல் பிரையன் மக்மஹோன் யாருடைய நினைவையும் நம்பாமல் அமெரிக்க மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டே பார்த்தார். அளவு குறைந்தது, தொடர்பு நின்றது. தாய்மார்கள் சொன்னது சரி. எங்கள் வகுப்பில் நினைவுப் பிழைக்கு ஒரு முழு மணி நேரம் கிடைத்தது. ஆலிஸ் ஸ்டீவர்ட்டுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

கேட்டால் தெரியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபாலும் சக ஆய்வாளர்களும் அமைப்புசாரா வேலைகளில் உள்ள 312 பெண்களிடம் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. அவர்களில் 71 சதவீதம் பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். வேலையிடத்தில் கழிப்பறை வசதி போதாத 200 பேரில் 87 சதவீதம் பேர் சிறுநீர், பிறப்புறுப்புத் தொல்லைகள் அவ்வப்போது வருவதாகச் சொன்னார்கள். மரக்காணத்தில் இதை எனக்கு விளக்கிய பெரியம்மாவுக்குச் சதவீதம் தேவைப்படவில்லை. "சுத்திப் பாரும்மா, ஒரு செடி மறைவு இருக்குதா? எங்க குந்துறது? அதான் தண்ணியே குடிக்கிறதில்ல." வெயிலும், தாகமும், அடக்கி வைத்த சிறுநீரும் ஒரே வாக்கியத்தில். நோய்க்கான காரணச் சங்கிலியைப் படம் வரைந்து காட்டச் சொன்ன தேர்வில் இதைவிடத் தெளிவாக நான் எழுதவில்லை.

தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய்த் தொழிலாளர்களோடு பழகி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979-ல் வந்தது. நாவலை ஆய்வறிக்கையாக்க நான் கேட்கவில்லை. ஆனால் களத்துக்குப் போவது என்றால் எத்தனை நாள் போவது, யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவது என்பதற்கு அந்த நாவல் ஒரு முன்மாதிரி. அதைப் பயிற்சியின் வாசிப்புப் பட்டியலில் வைத்தால் குடிமுழுகிப்போகாது.

இப்போது நாங்கள் சில பெண்களாகச் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். வேலை ஓய்ந்த மழை மாதங்களில், அளத்தில் அல்ல, வீட்டில் போய்க் கேட்கிறோம். கட்டங்கள் குறைவு: பெயர், எந்த வயதில் உப்பில் இறங்கியது, எத்தனை பருவம், இப்போது போகிறாரா, நின்றுவிட்டால் எந்த வருடம், ஏன். கடைசிக் கட்டத்தை மட்டும் அகலமாக விட்டோம். போன கார்த்திகையில் ஒரு வீட்டில் மருமகள் தன் பதிலைச் சொல்லி முடித்துவிட்டு, உள்ளே படுத்திருந்த மாமியாரைக் காட்டி, "அத்த உப்புக்குப் போய் பத்து வருசம் ஆச்சு, அவுங்கள எழுத மாட்டீங்கல்ல?" என்றாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.