வேலம் விறகு

2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த நல்லூரைத் தாண்டிக் காங்கயம் சாலையில் போனால், பனியன் கம்பெனிகள் குறைந்து கொறங்காடுகள் தொடங்கும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். காய் ஆடுமாடுகளுக்கு, கழித்த கிளை அடுப்புக்கு.

நம் பக்கத்து வீடுகளுக்குக் கணப்பு தேவையில்லை; பொடக்காளியில் வெந்நீர் அண்டா காய்ந்தால் போதும். அதற்கு வேலம்போல நின்று எரியும் விறகு வேறில்லை என்பது என் கட்சி.

விறகு பிளப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கை தேர்ந்தவர் உடனே கோடாலியை ஓங்குவதில்லை. கட்டையை நிமிர்த்தி, வெட்டுமுகத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் வெடிப்பைத் தேடுகிறார். கணுவை ஒதுக்கி, அந்தக் கோட்டில் ஒரே போடு. வாய் பிளந்ததும் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்க, நார் கிழியும் சத்தத்தோடு சிவந்த வைரம் தெரிகிறது. என்ன அழகு அது! புளியங்கட்டை இதற்கு லேசில் மசியாது. அதன் நார் பின்னி ஓடுகிறது.

அடுக்கும்போது இரு கோடியிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நடுவில் உள்ளவை சரியாது. பச்சை மரத்தின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான். அது போகும்வரை அண்டாவுக்குச் சூடு ஏறாது, புகைதான் மிச்சம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று அந்த ஈரத்தை வாங்கிவிடும். ஐப்பசி மழைக்குமுன் விறகு கூரைக்கடியில் இருக்க வேண்டும்.

சாயப்பட்டறை பாய்லர்களுக்கும் லாரியில் விறகு போகிறது. நனைந்த லோடு வந்துவிட்டால், அன்றைக்கு நீராவி அழுத்தத்தை ஏற்றுவதே பாய்லர்காரருக்குப் பெரும்பாடு.