கடற்படை கேட்கும் கண்

சீருடைக் கனவோடு லேசிக் என்னும் லேசர் கண் சிகிச்சையைச் செய்துகொள்ள நினைக்கும் பிள்ளைகள் மருத்துவமனை விளம்பரத்துக்கு முன் இந்தியக் கடற்படையின் மருத்துவ விதிகளைப் படிக்க வேண்டும். சிகிச்சையின் பலமும் பலவீனமும் அங்கேதான் தெளிவாகத் தெரிகின்றன.

20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது. செய்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மிச்சப் பவர் ஒரு டயாப்டரைத் தாண்டக் கூடாது. விழிக்கோளத்தின் நீளம் 26 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் நீர்மூழ்கிக் கப்பல், முக்குளிப்பு, மார்கோஸ் என்னும் கமாண்டோப் படை ஆகிய பிரிவுகளில் இடமில்லை.

லேசர் சிகிச்சை செய்த பிறகும் விழியின் நீளத்தை ஏன் அளக்கிறார்கள்? கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுபோவதால் வருகிறது. லேசர் செதுக்குவதோ முன்னால் இருக்கும் கருவிழிப்படலத்தை மட்டும். பின்னால் இழுபட்டு மெலிந்த விழித்திரை அப்படியே இருக்கிறது. அது கிழியும் அபாயமும் கூடவே இருக்கிறது. கண்ணாடி போய்விட்டது என்று விழித்திரைப் பரிசோதனையையும் விட்டுவிடுவது ஆபத்து. இதை உரக்கச் சொல்லும் விளம்பரம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் 1981இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் திசுவை எக்சைமர் லேசரால் சுற்றுப்புறம் கருகாமல் வெட்டிக் காட்டினார். அந்தத் துல்லியம்தான் இன்று கருவிழியில் வேலை செய்கிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்நாட்டுக் கடற்படையினரையும் பொதுமக்களையும் வைத்து நடத்திய ஆய்வுகளில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் தம் பார்வையில் திருப்தி தெரிவித்தனர். அதே ஆய்வுகளில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம், கூச்சம் போன்ற ஏதாவதொன்றைப் புதிதாகக் கண்டனர்; 28 சதவீதம் வரை கண் உலர்வை உணர்ந்தனர். அன்றாட வேலையே சிரமமானவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அலுவலக மேசையில் இவை சின்னத் தொல்லைகள். இரவில் கப்பல் தளத்தில் நின்று தொலைவிலுள்ள விளக்கைப் பிரித்தறிய வேண்டியவருக்கு அப்படியல்ல.

கண்ணாடி வேலைக்குத் தடையாக இருப்பவருக்கு லேசிக் நல்ல வழி; கல்யாண போட்டோவுக்காக அவசரப்படுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி எப்படியும் வரும். செய்துகொள்பவர்கள் சிகிச்சைக்கு முந்தைய கருவிழி அளவுகளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்: பின்னாளில் கண்புரை வந்தால், செதுக்கிய கருவிழிக்கு ஏற்ற லென்ஸைக் கணக்கிட அந்தத் தாள் மருத்துவருக்கு உதவும்.