அகலக் கோடாரி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் காடுகளில் ரயில் பாதைக்கான ஸ்லீப்பர் கட்டைகளைக் கையாலேயே செதுக்கியவர்களுக்கு ‘டை ஹேக்’ என்று பெயர். பெரும்பாலோர் சுவீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். கூலி, கட்டைக் கணக்கு. நாள் கணக்கு இல்லை.

அவர்கள் கையிலிருந்த அகலக் கோடாரியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாய் ஏறக்குறைய ஓரடி அகலம். ஒரு பக்கம்தான் சாணை பிடித்திருக்கும், மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கம் மரத்தை ஒட்டியே இறங்கும். காம்பு நேராக இருந்தால் விரல் முட்டி மரத்தில் உரசித் தோல் போய்விடும். அதனால் காம்பைச் சற்று வெளியே வளைத்திருப்பார்கள். எந்தப் பொறியாளர் சொல்லிக்கொடுத்தார் இதை?

பைன் மரத்தைச் சாய்த்து, கிளை கழித்து, அதன் மேலேயே ஏறி நிற்பார்கள். முதலில் சாதாரணக் கோடாரியால் பக்கவாட்டில் வரிசையாக வெட்டுவாய் போடுவது. பிறகு அகலக் கோடாரியால் வெட்டுவாய்களுக்கு இடையில் நிற்கும் மரச் சதையைச் சீவி எடுப்பது. கோடாரி விழும் இடம் பாதத்துக்குப் பக்கத்தில்! இரண்டு பக்கம் தட்டையானதும், மீதிப் பட்டையை உரித்து, எட்டடி நீளத் துண்டுகளாக அறுப்பார்கள். தேர்ந்த கை சீவிய முகம் இழைப்புளி போட்டது போலிருக்கும். வெட்டுத்தழும்பு தெரிந்தால் ஆள் கற்றுக்குட்டி.

பனி உருகி ஆறு பெருகியதும் கட்டைகளை விண்ட் ஆற்றில் மிதக்கவிட்டு ரிவர்ட்டன் ஊர் வரை ஓட்டிப்போவார்கள். அந்த ஆற்றில் கடைசிக் கட்டை ஓட்டம் 1946-இல் நடந்தது.