மச்சுப்பாவுதல்: தமிழ் விவிலியத்தில் ஓர் எபிரேயக் கட்டடச் சொல்

மச்சுப்பாவுதல் என்பது கூரையின் உட்புறத்தை மரப்பலகை கொண்டு மூடுவதைக் குறிக்கத் தமிழ் விவிலியம் ஆளும் சொல் ஆகும். புரொட்டஸ்தாந்து திருச்சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, 1871-இல் ஹென்றி போவர் தலைமையிலான குழு வெளியிட்ட பதிப்பின் வழிவந்தது. அதில் ஆகாய் 1:4, எருசலேம் மக்களின் வீடுகளை 'மச்சுப்பாவப்பட்ட' வீடுகள் என்கிறது. இச்சொல் மூலத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது, இன்றைய மாணவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்பன ஆராயத்தக்கவை.

மூலச்சொல்

எபிரேயத்தில் 'சாஃபன்' என்ற வினைக்கு மூடுதல், பலகை பாவுதல் என்று பொருள். 1 இராஜாக்கள் 6:15-இல் வரும் 'சிப்புன்' இதிலிருந்து பிறந்தது. அது மேல்தளத்தின் உட்புறத்தைக் குறிக்கும். ஆகாயில் வரும் 'செஃபுனீம்' பற்றி அறிஞரிடையே இரு கருத்துகள் உண்டு. பலகை பாவிய ஆடம்பர வீடுகள் என்பது ஒன்று. கூரையுள்ள வீடுகள் என்பது மற்றொன்று. கோயில் கூரையின்றிக் கிடந்ததே அங்கு குறை. இலத்தீன் வுல்காத்தா குழிக்கட்டங்கள் அமைந்த மேற்கூரையைக் குறிக்கும் சொல்லை இட்டு, முதற்கருத்தின் பக்கம் நிற்கிறது.

கட்டடமுறை

பண்டை இஸ்ரயேலின் சாதாரண வீட்டுக் கூரை எளிமையானது. குறுகிய உத்திரங்களின்மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி, களிமண் பூசி, கல்லுருளையால் இறுக்குவார்கள். உள்ளூரில் கிடைத்த காட்டத்தி முதலிய மரங்களே உத்திரமாயின. கேதுரு லீபனோனிலிருந்து வரவேண்டிய மரம். சாலொமோன் ஆலயத்தின் அகலம் 20 முழம், ஏறத்தாழ 9 மீட்டர். அவ்வளவு இடைவெளியைத் தாண்ட நீண்ட உத்திரம் தேவை. அதனால் தீரு அரசன் ஈராம் கேதுரு மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடல்வழி அனுப்பினான். காட்டத்திக்குப் பதில் கேதுரு வைப்போம் என்ற செருக்கை ஏசாயா 9:10 கண்டிக்கிறது. எரேமியா 22:13-14-இல் யோயாக்கீம் அரசன் தன் வீட்டுக்குக் கேதுருப் பலகை அடித்து, ஜாதிலிங்கச் சிவப்புப் பூசியதும், கூலி கொடாமல் வேலை வாங்கியதும் சேர்த்தே பழிக்கப்படுகின்றன. மரப்பலகை அங்கே செல்வத்தின் அடையாளம் மட்டுமன்று, அநீதியின் அடையாளமும் ஆகும்.

ஆகாயின் வாதம்

ஆகாய் பேசியது கி.மு. 520-இல். நான்காம் வசனத்தில் வீடுகளைச் சொல்பவர், எட்டாம் வசனத்தில் மலைக்கு ஏறி மரம் கொண்டுவரச் சொல்கிறார். இரு வசனங்களையும் இணைப்பது மரம்: சொந்த வீட்டுக்குக் கிடைத்த மரம் கோயிலுக்கு மட்டும் கிடைக்கவில்லையா என்பதே கேள்வியின் கூர்மை. 'மச்சு' என்பதை மாடி என்று மட்டும் கொண்டால் இந்தத் தொடர்பு அறுந்து போகிறது. வீட்டின் உயரமன்று, அதில் பாவிய பலகையே இங்கு பேச்சு.

வடசென்னை வாசகர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகருக்கு இந்த இடர் இருந்திருக்காது. இராயபுரம், ஜார்ஜ் டவுன் பகுதிகளின் பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் கூரையை இன்றும் காணலாம். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்தால் நிறுத்தி அமைத்த தளம் அது. அண்ணாந்தால் மரம் தெரியும். மாதவரத்தில் கான்கிரீட் தளத்தின்கீழ் வளரும் மாணவருக்கோ 'மச்சு' என்றால் மாடி அல்லது பரண். மொழிபெயர்ப்பு மாறவில்லை, வீடு மாறிவிட்டது.

கொச்சி மட்டாஞ்சேரி கடவும்பாகம் யூதத் தொழுகைக்கூடத்தின் மர உட்கூரை இப்போது எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளது. பலகை வேய்ந்த கூரை எப்படியிருக்கும் என்று காட்ட அது உதவும். எனினும் அது கேரளத் தச்சர் மரபு; பண்டை எபிரேயக் கூரையின் மாதிரியாகக் கொள்ளக் கூடாது.

மதிப்பீடு

'மச்சுப்பாவுதல்' நல்ல தேர்வே. கூரை, பலகை ஆகிய இரண்டையும் அது ஒருங்கே தாங்குவதால், அறிஞரின் இரு கருத்துகளுக்கும் இடம் தருகிறது. 'மாளிகை' என்று மாற்றினால் வாசிப்பு எளிதாகும். ஆனால் மரம் மறைந்துவிடும். சொல்லை அப்படியே வைத்து, 'மரப்பலகை பாவிய' என ஓர் அடிக்குறிப்பு சேர்ப்பதே பொருத்தம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், மாடி வீட்டில் வாழ்வதே தவறு என்று ஆகாய் சொன்னதாக மாணவர் தவறாகக் கற்றுக்கொள்ள நேரும்.