ஆக்கமும் ஆக்கியோரும்: திறந்த மூல மென்பொருள் குறித்து ஓர் ஆய்வு

ஒரு நூலை மதிப்பிடுங்கால் அதனை ஆக்கியோனது ஒழுக்கத்தையும் கருத்திற் கொள்ளல் வேண்டுமோ என்பது திறனாய்வாளரிடை நெடுங்காலமாக நிலவும் வினாவாகும். அவ்வினா இன்று மென்பொருள் குறித்தும் எழுந்துள்ளது. மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமையளிப்பது திறந்த மூல மென்பொருள். அதனை இயற்றும் கூட்டத்தாரின் நடத்தையை ஒதுக்கிவிட்டு, ஆக்கத்தை மட்டும் நோக்குதல் இயலுமா? லினக்ஸின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

1991 ஆம் ஆண்டு பின்லாந்திலே லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்தது. ரைசர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை 2001 இல் அதனுட் சேர்க்கப்பட்டது. அதனை ஆக்கிய ஹான்ஸ் ரைசர், தம் மனைவியைக் கொன்ற குற்றத்துக்காக 2008 இல் அமெரிக்காவிலே தண்டிக்கப்பட்டார். எனினும் அவரது நிரல் 16 ஆண்டுகளுக்கு மேலாக லினக்ஸில் நிலைத்திருந்தது. 2025 ஜனவரியில் வெளிவந்த 6.13 ஆம் பதிப்பிலேயே அது நீக்கப்பட்டது. அதற்குக் காரணம் நிரலின் பழைமையும் அதனைப் பேணுவார் இன்மையுமேயன்றி, ஆக்கியோனது குற்றமன்று.

இதனைக் காட்டி, ஆக்கம் வேறு, ஆக்கியோன் வேறு என முடிபு கூறுவாருளர். அது பாதியுண்மையே. முற்றுப்பெற்ற நூல் ஆசிரியனை வேண்டாது நிற்கும். ஆசிரியர் பெயர் தெரியாத சங்கச் செய்யுள்கள் இன்றும் வாழ்கின்றன. மென்பொருளோ முற்றுப்பெறுவதில்லை. புதிய பொறிகளுக்கேற்ப அதனைத் திருத்துதலும், வழுக் களைதலும் ஒழியாப் பணிகளாம். அவற்றைச் செய்வோர் அகன்றால் நல்ல நிரலும் நாளடைவிற் பயனற்றுப்போம்.

டோர்வால்ட்ஸ், பிறர் நிரலைக் கண்டிக்குமிடத்து எழுதியோரையே இழித்துரைப்பவர் எனப் பெயர் பெற்றிருந்தார். 2018 செப்டெம்பரில் அவர் அதற்கு வருத்தந் தெரிவித்துச் சில வாரங்கள் விலகியிருந்தார். அம்மாதமே லினக்ஸ் திட்டம் ஒரு நடத்தை நெறியையும் ஏற்றது. கடுஞ்சொல்லின்றேல் தரம் குன்றும் என்று அஞ்சினோர் உளர். குறையைக் கடிதல் வேறு. ஆளை இகழ்தல் வேறு. பிழையைச் சுட்டும் ஆசிரியரிடம் மாணவன் மீண்டும் வருவான். அவையில் இழிவுபடுத்துவாரிடம் வாரான். அவன் கண்டுவைத்த பிழையும் அவனோடு மறைந்துபோம்.

ஆதலின், ஒருவரது தனிவாழ்வின் குற்றத்தைக் கொண்டு அவரது நிரலை மதிப்பிடுதல் பொருந்தாது. ஆனால், ஒன்றுகூடி உழைப்போர் தம்முள் ஒருவரையொருவர் நடத்தும் முறை, மென்பொருளுக்குப் புறம்பானதன்று. பணியாற்ற யார் நிலைப்பார், யார் நீங்குவார் என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. திறனாய்வாளன் நிரலோடு அதனையும் சேர்த்தே நோக்கல் வேண்டும்.